'ரிடார்ட்'னு திட்டுறீங்களா? ஒரு நிமிஷம்... அந்த வார்த்தை எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியுமா?

ராத்திரி பதினொரு மணி. ஸ்குவாடில் நாலு பேர். ஹெட்செட் மாட்டிக்கிட்டு கேம் போய்க்கிட்டு இருக்கு. கடைசி சர்க்கிள். ஒருத்தன் தேவையே இல்லாம கவரை விட்டு வெளியே ஓடி, சுடுபட்டு விழுறான். அடுத்த செகண்ட் மைக்கில் ஒரு குரல்: "டேய், ரிடார்டாடா நீ?" எல்லோரும் சிரிக்கிறாங்க. அடுத்த மேட்ச் ஆரம்பிச்சாச்சு.

இதை நீங்க சொல்லியிருக்கலாம். சொல்லலைன்னாலும் கேட்டிருப்பீங்க. கேமிங் சாட், மீம் பேஜ், ரீல்ஸ் கமென்ட் என்று எங்கே போனாலும் இந்த வார்த்தை கிடைக்கும். 'முட்டாள்' என்பதற்குக் கொஞ்சம் காரமான இங்கிலீஷ் வார்த்தை. நம்மில் பலருக்கு இதன் அர்த்தம் அவ்வளவுதான்.

ஆனால், இந்த வார்த்தை ஒரு ஓட்டையே மாற்றியிருக்கிறது. 2025 நவம்பர் கடைசியில், 'தேங்க்ஸ்கிவிங்' பண்டிகை இரவில், அமெரிக்க அதிபர் டிரம்ப் ஒரு சமூக வலைதளப் பதிவு போட்டார். மினசோட்டா மாநில கவர்னர் டிம் வால்ஸை அதில் இந்த வார்த்தையால் திட்டியிருந்தார். நிருபர்கள் கேட்டபோதும் பின்வாங்கவில்லை. அப்போது இண்டியானா மாநிலத்தில், டிரம்ப் விரும்பிய தொகுதி மறுவரையறை திட்டம் ஓட்டெடுப்புக்கு வரவிருந்தது. டிரம்ப்பின் சொந்தக் கட்சியைச் சேர்ந்த மைக்கேல் போஹசெக் என்ற மாநில செனட்டர், "நான் எதிர்த்து ஓட்டுப் போடப்போகிறேன்" என்று அறிவித்தார். அவர் சொன்ன காரணம், அந்த வார்த்தை. அவருடைய மகளுக்கு டவுன் சிண்ட்ரோம்.

சில நாட்கள் கழித்து டிம் வால்ஸ் இன்னொரு விஷயம் சொன்னார். அவர் வீட்டைக் கடந்து காரில் போகிறவர்கள், அதே வார்த்தையைக் கத்திவிட்டுப் போகிறார்களாம்!

ஒரு வார்த்தைக்கு ஏன் இவ்வளவு எடை? கொஞ்சம் பின்னாடி போய்ப் பார்ப்போம்.

ஏர்பஸ் விமானமே சொல்லும்!

'ரிடார்ட்' பிறவியிலேயே கெட்ட வார்த்தை இல்லை. லத்தீனில் 'தாமதப்படுத்து, மெதுவாக்கு' என்ற அர்த்தமுள்ள சொல்லில் இருந்து வந்தது. பிரான்ஸில் ரயில் லேட் என்றால் ஸ்டேஷன் போர்டில் இன்றைக்கும் 'ரிடார்ட்' என்ற அதே எழுத்துகள்தான் தெரியும். பியானோ கத்துக்கிட்டவங்களைக் கேளுங்க, வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து வாசிக்கச் சொல்லும் 'ரிடார்டாண்டோ' இதே குடும்பம்தான். ஏர்பஸ் விமானம் தரையிறங்கும்போது, சுமார் 20 அடி உயரத்தில் காக்பிட்டில் ஒரு தானியங்கிக் குரல் 'ரிடார்ட்... ரிடார்ட்' என்று சொல்லும். பைலட்டைத் திட்டவில்லை பாஸ்! இன்ஜின் விசையைக் குறைக்கச் சொல்கிறது. அந்த வீடியோவை மீமாகப் பார்த்துச் சிரித்தவர்கள் நம்மில் நிறையப் பேர்.

அப்படியென்றால் இந்த அப்பாவி வார்த்தை எப்படி மனிதர்கள் மேல் விழுந்தது? தெருவில் சண்டை போட்டவர்கள் கண்டுபிடிக்கவில்லை. வெள்ளை கோட் போட்டவர்கள் ஒட்டவைத்த லேபிள் அது.

இடியட், இம்பெசில், மோரான்... இது ஒரு ரேங்க் லிஸ்ட்!

நாம் சாதாரணமாகச் சொல்லும் 'இடியட்' ஒரு காலத்தில் மருத்துவச் சொல். 'இம்பெசில்' என்பதும் அப்படித்தான். 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க நிபுணர்கள் இவற்றை வைத்து ஒரு பட்டியலே போட்டார்கள். வயது வந்த ஒருவரின் 'மனவயது' மூன்றுக்கும் கீழே என்றால் இடியட். மூன்றிலிருந்து ஏழு என்றால் இம்பெசில். எட்டிலிருந்து பன்னிரண்டு வரை இருப்பவர்களுக்கு ஒரு பெயர் இல்லாமல் இருந்தது. அந்த இடத்தை நிரப்பியவர் நியூஜெர்ஸியில் வைன்லாண்ட் என்ற ஊரில் இருந்த பயிற்சிப் பள்ளியின் உளவியல் ஆய்வாளர் ஹென்றி கோடார்ட். 1910-ல், முட்டாள் என்று அர்த்தமுள்ள கிரேக்கச் சொல்லை எடுத்து 'மோரான்' என்ற புது வார்த்தையை உருவாக்கினார்.

ஆமாம், 'மோரான்' ஒரு தனிமனிதர் ஆராய்ச்சிக்காக உருவாக்கிய சொல். இன்றைக்கு அது டிராஃபிக் சிக்னலில் பறக்கிறது.

ஒரு பெண்ணின் வாழ்க்கை

இந்த லேபிள்கள் வெறும் பேப்பரில் நிற்கவில்லை. வர்ஜீனியா மாநிலத்தில் கேரி பக் என்ற பெண் இருந்தார். வளர்ப்புக் குடும்பத்தில் வளர்ந்தவர். அந்தக் குடும்பத்தின் உறவுக்காரர் ஒருவரால் 17 வயதில் பாலியல் வன்முறைக்கு ஆளாகி, கர்ப்பமானார். தண்டனை யாருக்குக் கிடைத்தது தெரியுமா? கேரிக்கு! 'புத்தி குறைந்தவள்' என்று முத்திரை குத்தி ஒரு காப்பகத்தில் அடைத்தார்கள். அங்கே அவருக்குக் கட்டாயக் கருத்தடை செய்ய முடிவானது.

வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1927-ல் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பு. கருத்தடை செய்யலாம்! கேரி, அவருடைய அம்மா, கைக்குழந்தையான மகள் என மூவரையும் மனதில் வைத்து, "மூன்று தலைமுறை இம்பெசில்கள் போதும்" என்று எழுதினார் நீதிபதி ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ். அந்தக் குழந்தை விவியன் பிற்பாடு பள்ளியில் நன்றாகப் படித்து, சிறந்த மாணவர்கள் பட்டியலிலேயே இடம்பிடித்தாள். எட்டு வயதில் நோயால் இறந்துபோனாள்.

இதுபோன்ற சட்டங்களால் அமெரிக்காவில் கட்டாயக் கருத்தடைக்கு ஆளானவர்கள் 60,000 பேருக்கும் மேல். 'இம்பெசில்' என்று ஒரு நீதிபதி எழுதினால் இவ்வளவும் நடக்கும் என்ற காலம் அது.

பேர் மாறிக்கிட்டே இருக்கு... ஏன்?

இப்போதுதான் நம்ம வார்த்தை என்ட்ரி கொடுக்கிறது. இடியட், மோரான் எல்லாம் வசவாகிவிட்டதால் டாக்டர்களுக்கு மரியாதையான ஒரு சொல் தேவைப்பட்டது. 'மென்டல் ரிடார்டேஷன்' வந்தது. 'மனவளர்ச்சி தாமதம்' என்கிற மாதிரி மென்மையான அர்த்தம். அதாவது, நீங்க இன்று திட்டுவதற்காக எடுக்கும் வார்த்தை, ஒரு காலத்தில் திட்டுவதைத் தவிர்ப்பதற்காகக் கொண்டுவரப்பட்டது!

இந்தத் துறையின் நிபுணர்களுக்கான அமெரிக்கச் சங்கம் ஒன்று 1876-ல் தொடங்கியது. அதன் முதல் பெயரிலேயே 'இடியட்' இருந்தது. பிறகு 'ஃபீபிள் மைண்டட்' மட்டும் மிஞ்சியது. 1933-ல் 'மென்டல் டெஃபிஷியன்சி'. 1987-ல் 'மென்டல் ரிடார்டேஷன்'. 2007-ல் 'இன்டலெக்சுவல் டிஸபிலிட்டி'. சங்கம் ஒன்றுதான். போர்டு மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது.

மொழி ஆய்வாளர் ஸ்டீவன் பிங்கர் இதை ட்ரெட்மில்லுக்கு ஒப்பிடுகிறார். ஓடுறோம், ஓடுறோம், நின்ற இடத்திலேயே நிற்கிறோம். புது வார்த்தை வரும். கொஞ்ச நாளில் பழைய வார்த்தையின் அழுக்கு அதிலும் ஒட்டிக்கொள்ளும். திரும்ப மாற்ற வேண்டியிருக்கும்.

பிரிட்டனில் மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்கான 'ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி', அந்தப் பெயர் பள்ளிக்கூட கேலியாகவே மாறிப்போனதால் 1994-ல் 'ஸ்கோப்' ஆனது. நம்ம சென்னையிலும் 'ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி' என்ற பெயரில் தொடங்கிய ஓர் அமைப்புதான் இன்றைய 'வித்யா சாகர்'. அந்த ஸ்பாஸ்டிக் என்ற சொல்லின் சுருக்கமான 'ஸ்பாஸ்' 2022-ல் பாடகி லிஸ்ஸோவின் பாட்டில் வந்தது. மாற்றுத்திறனாளிகள் கேள்வி கேட்டார்கள். சில நாட்களிலேயே வரியை மாற்றி மறுபடி வெளியிட்டார். சில வாரங்களில் பியான்சேவும் தன் பாட்டில் அதே வார்த்தையை எடுத்தார்.

'ரிடார்ட்' விஷயத்தில் பிளாக் ஐட் பீஸ் குழு இன்னும் சீனியர். 2003-ல் இந்த வார்த்தையோடு வந்த அவர்களின் பாட்டு, 2004-ல் கூடைப்பந்துப் போட்டி ஒளிபரப்புக்காக 'லெட்ஸ் கெட் இட் ஸ்டார்ட்டட்' என்று மாறியது. உலகமே ஆடியது மாறிய வரிக்குத்தான். பாட்டு ஒன்றும் கெட்டுப்போகவில்லை!

'இடியட்' ஓகே, 'ரிடார்ட்' மட்டும் தப்பா?

நியாயமான கேள்வி. இரண்டுமே மருத்துவச் சொற்கள். இரண்டுமே வசவாகிவிட்டன. பிறகு என்ன வித்தியாசம்?

வித்தியாசம் ஒரு பேப்பரில் இருக்கிறது. 'இடியட்' என்று மருத்துவச் சான்றிதழ் வாங்கிய யாரும் இன்றைக்கு உங்கள் தெருவில் இருக்க வாய்ப்பில்லை. ஆனால் 'மென்டல் ரிடார்டேஷன்' என்று அச்சடித்த சான்றிதழ், உங்கள் தெருவிலேயே ஒரு வீட்டு பீரோவில் இருக்கலாம்.

இந்தியாவில் 1995-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இருந்த அதிகாரபூர்வ வார்த்தை 'மென்டல் ரிடார்டேஷன்'தான். 2016-ல் வந்த புதிய சட்டம்தான் அதை 'இன்டலெக்சுவல் டிஸபிலிட்டி' என்று மாற்றியது. 1999-ல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் முழுப்பெயரில் அந்தப் பழைய வார்த்தை இன்னும் அப்படியே நிற்கிறது. அப்படியென்றால், இன்று 20 வயதைத் தாண்டிய, அறிவுசார் குறைபாடு உள்ள ஒருவர் சின்ன வயதில் வாங்கிய சான்றிதழில் இருப்பது இந்த வார்த்தைதான். பஸ் பாஸுக்கும் உதவித்தொகைக்கும் அவருடைய அம்மா ஃபைலில் வைத்துக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக அலைந்தது அந்தப் பேப்பரோடுதான். 'எம்.ஆர்.' என்று சுருக்கிச் சொல்வார்கள். "உங்க பையன் எம்.ஆரா?" என்ற கேள்வியை எத்தனை கவுன்டரில் அந்த அம்மா கேட்டிருப்பார்!

இப்போது மறுபடி அந்த ஸ்குவாடுக்கு வாங்க. மைக்கில் இருக்கும் நாலு பேரில் ஒருத்தனுக்கு அப்படி ஒரு அண்ணன் இருக்கலாம். அவன் அதை உங்களிடம் சொல்லியிருக்க மாட்டான். நீங்க சிரிக்கும்போது அவனும் சேர்ந்து சிரிப்பான். வேறென்ன செய்வான்?

ஒரு நாள் யோசித்து எழுதிய பதில்

'அவங்களுக்குப் புரியவா போகுது?' என்று சிலர் நினைப்பதுண்டு. 2012 அமெரிக்க அதிபர் தேர்தல் சமயத்தில் ஆன் கூல்டர் என்ற அரசியல் விமர்சகர், ஒபாமாவை இந்த வார்த்தையால் ட்வீட்டில் குறிப்பிட்டார். அதற்கு ஒருவர் திறந்த மடல் எழுதினார். பெயர், ஜான் ஃபிராங்க்ளின் ஸ்டீஃபன்ஸ். அப்போது வயது 30. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர், ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் விளையாட்டு வீரர்.

தனக்கு ஒரு விஷயத்தை உள்வாங்கிக்கொள்ள நேரம் அதிகம் பிடிக்கும், அதனால் இதற்கு எப்படிப் பதில் சொல்வது என்று முழு நாளும் யோசித்தேன் என்று அதில் எழுதியிருந்தார். பிறகு கேட்கிறார்: அதிபரை என்னைப் போன்றவர் என்று சொன்னீர்களே, என்ன அர்த்தத்தில்? சின்ன வயதில் கேலி செய்யப்பட்டும் அதைத் தாண்டி வந்தவர் என்றா? ஒவ்வொரு வார்த்தையையும் யோசித்துப் பேசுபவர் என்றா? எங்களோடு ஒப்பிடப்படுவதைப் பெருமையாக நினைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, 'நீங்கள் இன்னும் சம்பாதிக்காத ஒரு நண்பன்' என்று கையெழுத்துப் போட்டிருந்தார்.

திட்டியவருக்கு ஒரு நொடி. பதில் சொன்னவருக்கு ஒரு நாள். இரண்டில் எது அறிவுள்ள செயல் என்று நீங்களே சொல்லுங்க.

இதற்கு இரண்டு வருடம் முன்பு, 2010 அக்டோபரில் ஒபாமா 'ரோஸா சட்டம்' என்ற சட்டத்தில் கையெழுத்திட்டிருந்தார். மேரிலாண்டைச் சேர்ந்த, டவுன் சிண்ட்ரோம் உள்ள ரோஸா என்ற ஒன்பது வயதுச் சிறுமியின் குடும்பம் போராடி வாங்கிய சட்டம் அது. அமெரிக்காவின் மத்திய அரசு சுகாதார, கல்வி, தொழிலாளர் சட்டங்களில் இருந்து 'மென்டல் ரிடார்டேஷன்' நீக்கப்பட்டது. ஒருவரை எப்படி அழைக்கிறோமோ அப்படித்தான் நடத்துவோம் என்று அந்தச் சிறுமியின் அண்ணன் சொன்னதை, கையெழுத்திடும் விழாவில் ஒபாமாவே எடுத்துச் சொன்னார்.

'வார்த்தைதானே ப்ரோ, லூஸ்ல விடு!'

ஆனால், காற்று இப்போது மறுபக்கம் வீசுகிறது. இந்த வார்த்தை திரும்பி வந்துவிட்டது, இது ஒரு பெரிய கலாசார வெற்றி என்று பிரபல பாட்காஸ்டர் ஜோ ரோகன் 2025-ல் கொண்டாடினார். இவர்கள் தரப்பு வாதம் என்ன? எல்லாவற்றுக்கும் மனசு புண்படுது என்றால் காமெடி எப்படிப் பண்ணுவது? யார் என்ன பேச வேண்டும் என்று யாரோ கட்டளை போடுவதா?

இதில் கொஞ்சம் நியாயம் உண்டு. வார்த்தையைத் தடை செய்வதால் மட்டும் எதுவும் மாறிவிடாது. ட்ரெட்மில் கதை சொல்வதும் அதைத்தான். 'ஸ்பெஷல் சைல்டு' என்பதை அன்பாகத்தான் ஆரம்பித்தார்கள். இன்றைக்கு கிளாஸில் "நீ என்ன ஸ்பெஷல் சைல்டாடா?" என்பதே கேலி. 'ஆட்டிசமா?' என்று கமென்டில் கேட்பவர்களையும் பார்க்கிறோம். நாளைக்கு 'இன்டலெக்சுவல் டிஸபிலிட்டி'யையும் யாராவது சுருக்கித் திட்டாகப் பயன்படுத்துவார்கள். சொல்லை மட்டும் மாற்றிவிட்டு, மெதுவாக யோசிப்பவர் மட்டமானவர் என்ற எண்ணத்தை அப்படியே வைத்திருந்தால் அழுக்கு ஒட்டத்தான் செய்யும்.

காமெடி பற்றி நம் உச்ச நீதிமன்றமே 2024 ஜூலையில் ஒரு நல்ல கோடு போட்டது. ஒரு இந்திப் படம் தொடர்பாக நிபுண் மல்ஹோத்ரா தொடர்ந்த வழக்கில், மாற்றுத்திறனை நாம் புரிந்துகொள்ள உதவும் நகைச்சுவை வேறு, மாற்றுத்திறனாளியை மட்டம் தட்டும் நகைச்சுவை வேறு என்று பிரித்துச் சொன்னது. ஜோக்குக்குத் தடை இல்லை. ஜோக் யார் தலையில் உட்காருகிறது என்பதுதான் கேள்வி. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்க. 2016 சட்டத்தின்படி, ஒரு மாற்றுத்திறனாளியைப் பொது இடத்தில் வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் ஆறு மாதம் முதல் ஐந்து வருடம் வரை சிறை.

நம்ம ஊர் அக்கவுன்ட்டையும் பார்த்துடுவோம்!

அமெரிக்காவையே பேசிக்கொண்டிருந்தால் எப்படி? நம்ம வாயில் தினமும் வருவது 'மென்டல்'. அதுவும் இங்கிலீஷ்தான். அப்புறம் 'லூசு'. 'ஸ்க்ரூ லூசு' என்பதில் பாதியை வெட்டி நாம் தமிழாகவே ஆக்கிக்கொண்டது. நம்ம சினிமா 'லூசுப் பொண்ணு' என்று ஹீரோயின்களுக்கு ஒரு டெம்ப்ளேட்டே வைத்திருந்தது. 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்பது சென்னைவாசிகளின் பழைய நக்கல். 1794-ல் தொடங்கிய ஒரு மருத்துவமனையின் முகவரியையே வசவாக்கியவர்கள் நாம்! இதன் விலை என்ன தெரியுமா? தூக்கம் வராமல், மனசு உடைந்து, டாக்டரைப் பார்க்க வேண்டிய ஒருவர், 'நம்மளையும் மென்டல்னு சொல்லிடுவாங்களோ' என்று பயந்து வீட்டிலேயே இருந்துவிடுவார்.

இன்னொரு குழப்பமும் உண்டு. மனநலப் பிரச்னை வேறு, அறிவுசார் குறைபாடு வேறு. முதலாவது யாருக்கும் எந்த வயதிலும் வரலாம், சிகிச்சையும் உண்டு. இரண்டாவது பிறவியிலோ சிறுவயதிலோ தொடங்குவது. அது நோயும் இல்லை. கற்றுக்கொள்ளும் வேகம் வேறு, அவ்வளவே. 'மென்டல்' என்ற ஒற்றை வார்த்தையில் இரண்டு பேரையும் போட்டு மூடிவிடுகிறோம்.

சரி, திட்டவே கூடாதா? திட்டுங்க பாஸ், நட்பு என்றால் திட்டாமல் எப்படி! 'சொதப்பிட்டியேடா', 'யோசிக்காம ஏன்டா ஓடுன', 'டியூப்லைட்டாடா நீ' என்று தமிழில் ஸ்டாக்குக்கா பஞ்சம்? டியூப்லைட்டுக்கு மனசு வலிக்காது. அதற்கு சான்றிதழும் கிடையாது, கவுன்டர் கவுன்டராக அலையும் அம்மாவும் கிடையாது.

இன்று ராத்திரி மறுபடி கேம் இருக்கும். அதே நண்பன் மறுபடி கவரை விட்டு ஓடுவான், அது உறுதி! வாய் வரைக்கும் அந்த வார்த்தை வரும். வந்தால், தரையிறங்கும் விமானத்தில் அந்தக் குரல் என்ன சொல்கிறது என்பதை ஞாபகம் வைத்துக்கோங்க: வேகத்தைக் குறை!